படங்கள் வீடு திரும்புமுன்: பழைய புகைப்படக் கண்காட்சியை எண்ணிமப்படுத்த முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் பழைய புகைப்படக் கண்காட்சி என்றால் பெரும்பாலும் அது இரவல் படங்களின் கூட்டம்தான். பாடசாலைக்கு நூறாவது ஆண்டு வரும், கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர் போடுவார்கள், வாசிகசாலையில் ஒரு விழா எடுப்பார்கள். ஏற்பாடு செய்பவர்கள் புளியந்தீவிலிருந்து படுவான்கரை வரை வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். றங்குப்பெட்டிக்குள்ளும் அலுமாரி மேல்தட்டிலும் சாமியறைச் சுவரிலும் கிடந்த படங்கள் நாலைந்து நாளைக்கு ஒரே மண்டபத்தில் சேர்ந்திருக்கும். பிறகு பெட்டி கட்டி, வந்த வீடுகளுக்கே திரும்பிப் போய்விடும்.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போன படங்களுக்குக் கணக்கில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோன அல்பங்களுக்கும், இடம்பெயர்ந்து ஓடும்போது விட்டுவந்தவற்றுக்கும் கணக்கில்லை. அவற்றுக்கெல்லாம் தப்பியவைதான் அந்த மண்டபச் சுவரில் தொங்குகின்றன. அவை ஒன்றாக இருக்கும் அந்தச் சில நாட்களுக்குள் வேலையை முடிக்க வேண்டும். நான் சொல்லவருவது இதுதான்: படங்களை மட்டும் எண்ணிமப்படுத்திவிட்டு (கணினிக் கோப்பாக்கிவிட்டு) வீட்டுக்குப் போகாதீர்கள், கண்காட்சியையே எண்ணிமப்படுத்துங்கள். எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் தொங்கியது, அடியில் என்ன எழுதியிருந்தது, படத்தின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது, முன்னால் நின்ற வயதானவர் என்ன சொன்னார் என்ற நான்கும் சேர்ந்தால்தான் பேரப்பிள்ளைகளுக்கு அது பயன்படும்.

காலமும் இடமும்

மாரியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். காற்றில் ஈரம் ஏறினால் அது உறிஞ்சி ஊறும், பிசுபிசுக்கும், தொட்ட பொருளோடு ஒட்டும். சார்பு ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை நம் பக்கத்தில் அதற்குக் கீழே இறங்குவது அரிது. கச்சான் என்ற காய்ந்த தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே நல்லவை. ஆனால் கச்சான் புழுதியையும் கொண்டுவரும். காற்றுப் பக்கத்து யன்னல்களை மூடி, காலையில் நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, நிலம் உலர்ந்த பிறகே பெட்டிகளைத் திறவுங்கள்.

சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். புகைப்படங்களுக்கு 30 முதல் 50 வீதம் என்று பாதுகாப்பு நூல்கள் சொல்லும். வாவிக்கரையில் அது கிடைக்காது. 60 க்குக் கீழே, ஏறி இறங்காமல் வைத்திருக்க முடிந்தால் போதும். ஏசி அறையில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏசி வாகனத்திலிருந்து வெயிலில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் நீராவி படியும் அல்லவா, குளிர்ந்த படத்தை நேரே விறாந்தைக்குக் கொண்டுவந்தாலும் அதேதான் நடக்கும். பொலித்தீன் பைக்குள் இறுக்கி மூடி வெளியே எடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.

படத்தைக் கையேற்கும் நாள்

இதற்கு ஒரு பதிவேடு வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் சீ.ஆர். கொப்பியே போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், அந்த வீட்டுப் படங்களுக்கு வரிசை எண், ஒரு படத்தின் ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் எண். 12-047-1 என்றால் பன்னிரண்டாம் வீடு, நாற்பத்தேழாம் படம், முன்பக்கம். 12-047-2 பின்பக்கம். 12-047-3 பிறேமோடு எடுத்தது. இதே எண்தான் பின்னர் கோப்பின் பெயராகவும் வரும். கோப்புக்குப் பெயர்ச் சொற்களை வைக்காதீர்கள். ‘அம்மம்மா கல்யாணம் புதுசு கடைசி’ என்ற பெயர் அடுத்த வருடமே எவருக்கும் விளங்காது.

எண்ணைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனையால் எழுதினால் அந்த அழுத்தம் முன்பக்கத்தில் தழும்பாகத் தெரியும், மையும் ஊறி வரும். 1970 களுக்குப் பிந்திய பிளாஸ்ரிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அப்போது உறையில் எழுதுங்கள். ஒட்டுத்தாள், செலோரேப் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகளை அங்கேயே கேட்டு அவர் சொன்னபடியே எழுதுங்கள். படத்தில் யார், எங்கே எடுத்தது, இது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். கதை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். படம் தொங்கிய சுவரையும் போனில் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சம்மதப் படிவம். மூன்று பெட்டிகள் இருந்தால் போதும்: சேமித்து வைக்க மட்டும், நேரில் வருபவர்களுக்குக் காட்டலாம், இணையத்தில் போடலாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு குழுப்படத்துக்குள் காணாமல் போனவர் இருப்பார். போர்க் காலத்தில் யார் எந்தப் பக்கம் நின்றவர் என்று சொல்ல விரும்பாத உறவினர் இருப்பார். படத்தைத் தந்தவர் சரி என்றாலும் அதிலுள்ள மற்றவர்களின் குடும்பத்தையும் நினைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் முதல் பெட்டியோடு நில்லுங்கள். பத்து வருடம் கழித்துத் திறந்துவிடலாம். ஒருமுறை இணையத்துக்குப் போனதைத் திருப்பி எடுக்க முடியாது. படத்தின் சொந்தக்காரரும் பதிப்புரிமையின் சொந்தக்காரரும் ஒருவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஸ்ரூடியோவின் முத்திரை இருந்தால் அதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

எந்த வகைப் படம்?

பூதக்கண்ணாடியும் ஜன்னல் வெளிச்சமும் போதும். மெல்லிய தாளைத் தடித்த அட்டையில் ஒட்டியிருந்து, நிறம் பழுப்பாகவும் வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகவும் இருந்தால், பூதக்கண்ணாடியில் தாளின் நாரும் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால், அது முட்டை வெண்கருப் பூச்சுப் படமாக இருக்கக்கூடும். 1850 இல் வந்து அந்த நூற்றாண்டு முடியும்வரை கோலோச்சிய முறை அது. சுருண்டிருந்தால் நிமிர்த்தாதீர்கள், உடையும். நம் வீடுகளில் கிடப்பவற்றில் பெரும்பான்மை அதற்குப் பின் வந்த ஜெலட்டின் வெள்ளிப் படங்கள். சாய்த்துப் பார்த்தால் இருண்ட பகுதியின் ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரியும். அது அழுக்கென்று துடைக்கப் போகாதீர்கள். படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து நிற்கிறது. 1970 களின் கலர்ப் படங்கள் சிவந்து போயிருக்கும். சாயங்களில் ஒன்று மற்றவற்றுக்கு முன் வெளிறுவதே காரணம். அல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் அது நிற்காது, ஆகவே அவசரப் பட்டியலில் கலர்ப் படங்களை முதலில் போடுங்கள்.

நெகட்டிவ் வந்தால் மூக்கையும் பயன்படுத்துங்கள். வினாகிரி மணம் வந்தால் அசற்றேற் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்திலுள்ளவற்றையும் கெடுக்கும், தனியாக வையுங்கள். 1950 களின் தொடக்கத்துக்கு முந்திய சுருள், ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற எழுத்து இல்லை, மஞ்சளாகி ஒட்டுகிறது என்றால் நைத்திரேற்றாக இருக்கலாம். அது இலகுவில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. சூடான விளக்கின் அருகிலோ பூட்டிய வாகனத்திலோ வைக்காமல், மற்றவற்றிலிருந்து பிரித்து, அனுபவமுள்ள ஆவணக்காப்பாளரிடம் கேட்ட பிறகே கை வையுங்கள்.

சுத்தம் செய்வது என்றால் ரப்பர் ஊதியும் மென்மையான தூரிகையும்தான். ஈரத்துணி, ஸ்பிரிற், விபூதி எதுவும் படாமல் பாருங்கள். பூஞ்சணம் ஈரமாக இழுபட்டால் அது உயிரோடு இருக்கிறது. முகக்கவசம் போட்டு, அந்தப் படத்தை வேறு அறையில் காற்றாட உலரவிட்டு, பொடியான பிறகு வெளியில் வைத்துத் தட்டுங்கள். கைக்கு நைத்திரைல் கையுறை நல்லது. பருத்திக் கையுறை வழுக்கும், பழைய தாளின் கிழிந்த ஓரத்தில் மாட்டும்.

பிறேமைக் கழற்றலாமா?

பின் அட்டை இலகுவாக வந்தால், படம் கண்ணாடியைத் தொடாமல் இருந்தால், கழற்றலாம். கழற்றுமுன் முன்பக்கம், பின்பக்கம், ஆணி, கட்டியிருந்த நூல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பின் அட்டைக்கு வைத்த பழைய பத்திரிகைத் தாளையும் எறியாதீர்கள். அதன் திகதி, பிறேம் அதற்குப் பிறகே போடப்பட்டது என்று சொல்லும்.

ஒட்டியிருந்தால் கை வைக்க வேண்டாம். இதை என் கையால் செய்த ஒரு தவறிலிருந்து சொல்கிறேன். ஒரு கல்யாணப் படம். எப்போதோ பிறேமுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, ஜெலட்டின் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒரு மூலை இளகியதுபோல் தெரிந்தது. மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டை உள்ளே விட்டு மெதுவாகத் தள்ளினேன். படம் கழன்று வந்தது. மணப்பெண்ணின் இடது கன்னமும் நெற்றிச்சுட்டியும் கண்ணாடியில் நின்றுவிட்டன. படத்தைத் தந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ‘‘கண்ணாடியையும் தாங்க தம்பி, முகம் அதுலதானே இரிக்கு’’ என்று கேட்டு வாங்கி, சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார்.

ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடே எடுக்கலாம். கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதைக் கமராவுக்கு முன்னால் மாட்டினால் கூரையும் உங்கள் முகமும் கண்ணாடியில் விழாது. அன்றைக்குக் கறுப்புச் சேட் போட்டுக்கொண்டு போங்கள். அதன் பிறகு அந்தப் படத்தைப் பிரிப்பதா விடுவதா என்பது பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரின் முடிவு.

கமரா மேசை

ஸ்கேனர் நல்லதா கமரா நல்லதா என்று எப்போதும் கேட்பார்கள். கண்காட்சிப் படங்களுக்குக் கமராவையே நான் தேர்வேன். பிறேம் போட்டது, வளைந்தது, அட்டையில் ஒட்டியது, அல்பத்தில் கட்டியது எல்லாம் ஒரே மேசையில் முடியும், எதையும் கண்ணாடியில் அழுத்த வேண்டியதில்லை.

24 மெகாபிக்சல் கமராவால் 8×10 அங்குலப் படத்தை ஓரம் விட்டு எடுத்தாலும் அங்குலத்துக்கு 400 புள்ளிக்கு மேல் கிடைக்கும். பாஸ்போட் அளவுப் படங்களுக்கும் கபினற் அட்டைகளுக்கும் (தடித்த அட்டையில் ஒட்டிய பழைய ஸ்ரூடியோப் படங்கள்) கிட்டப் போய் 600 க்கு மேல் எடுங்கள். சிறிய படங்களில்தான் முகம் கடுகளவாக இருக்கும். 50 முதல் 100 மில்லிமீற்றர் வரையான, கிட்டப் படம் எடுக்கும் மக்ரோ லென்ஸ், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு செக்கன் ரைமர், ரோ (RAW) கோப்பு, அதாவது கமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் கோப்பு. படம் எடுக்கும் கணத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள்.

கமரா படத்துக்கு நேர் எதிரே நிற்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. படம் வைக்கும் இடத்தில் ஒரு சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வையுங்கள். கமராத் திரையில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை கமராவைச் சரித்துச் சரித்துத் திருத்துங்கள். நடுவில் விழுந்தால் கமரா மேசைக்கு நேராக நிற்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டுப் படத்தை வையுங்கள். எங்கள் மேசையில் அந்தக் கண்ணாடி சலூனில் கேட்டு வாங்கியது. மூன்று நாளும் காலையில் இதைச் செய்தோம், ஒருமுறைகூடச் சரியாக நிற்கவில்லை. இரவில் யாரோ மேசையைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

விளக்கு இரண்டு, இருபுறமும் 45 பாகையில், ஒரே தூரத்தில். நிறம் சரியாகக் காட்டும் எல்ஈடி வேண்டும்: பெட்டியில் சிஆர்ஐ 95 அல்லது மேல், 5000 கெல்வின் என்று போட்டிருக்கும். கூரை ரியூப் லைற்றை அணையுங்கள். மேசை நடுவில் ஒரு பென்சிலை நட்டுப் பாருங்கள். இரு பக்கமும் விழும் நிழல்கள் ஒரே நீளமாகவும் ஒரே கருமையாகவும் இருந்தால் ஒளி சமம்.

ஒவ்வொரு படத்தோடும் நிற அட்டையையும் அளவுகோலையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். 24 நிறக் கட்டமுள்ள அட்டை வாங்க முடியாவிட்டால் சாம்பல் நிற அட்டையாவது வேண்டும். அது இல்லாவிட்டால் ‘‘படம் இந்த நிறத்திலா இருந்தது?’’ என்ற கேள்விக்கு நாளைக்குப் பதில் இருக்காது. படத்தின் நாலு ஓரமும் தெரியட்டும். பல்லு வெட்டிய விளிம்பு, அட்டை, ஸ்ரூடியோ முத்திரை எதையும் வெட்டாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுங்கள். மஞ்சளும் கறையும் படத்தின் வயதைச் சொல்பவை.

அட்டையின் மூலையில் மையில்லாமல் அழுத்தி வைத்த முத்திரை இருந்தால் ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதை மேசை மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த எழுத்து நிழலோடு எழும்பி வரும். ‘சிலோன்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1972 க்கு முந்திய அட்டை.

பின்பக்கத்தை எடுக்காமல் அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். வெறுமை என்பதும் ஒரு தகவல்.

ஸ்கேனர் மட்டுமே உள்ளவர்கள் தட்டையான, உறுதியான படங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். தானாகத் தாள் இழுக்கும் இயந்திரத்தில் பழைய படத்தைப் போடக்கூடாது. கூர்மையாக்கல், நிறத் திருத்தம், தூசு நீக்கல் மூன்றையும் நிறுத்துங்கள். அகச்சிவப்பு ஒளியால் தூசு நீக்கும் வசதி கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு ஒத்துவராது. படத்திலுள்ள வெள்ளியையே அது தூசு என்று எண்ணிவிடும். 35 மில்லிமீற்றர் நெகட்டிவுக்கு அங்குலத்துக்கு 4000 புள்ளி வரை வேண்டும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், வெயில் நேரே விழாத விறாந்தையில், அழகாக்கும் வசதிகளை நிறுத்தி, ரோ கோப்பில் எடுங்கள். எடுக்காமல் விடுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

கண்காட்சி நடக்கும் நாட்கள்

முதல் நாள் கதவு திறக்குமுன் மண்டபத்தைச் சுற்றி எடுங்கள். வாசல் படியில் தொடங்கி வலப்பக்கமாகச் சுவர் சுவராக, ஒவ்வொரு சுவரையும் முழுமையாகவும் பிறகு இரண்டு படம் இரண்டு படமாகவும். தாளில் மண்டபத்தின் வரைபடம் கீறி, எந்த எண் எங்கே தொங்குகிறது என்று குறியுங்கள். விளக்கக் குறிப்புகள், அழைப்பிதழ், பதாகை, வருகையாளர் ஏடு எல்லாவற்றையும் அதே மேசையில் வைத்து எடுக்க வேண்டும். காத்தான்குடி வீட்டிலிருந்து வந்த படமும் கல்லடி வீட்டிலிருந்து வந்த படமும் ஒரே கடைத்தெருவைக் காட்டுவதால் ஏற்பாட்டாளர் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். அந்த நினைப்பு எந்தப் படத்தின் பின்பக்கத்திலும் எழுதியிராது, சுவர் கலைந்தால் அதுவும் போய்விடும்.

அடுத்தது ஆட்கள். ஒவ்வொரு குழுப்படத்தையும் ஏ4 தாளில் அச்சடித்து, முகங்களுக்கு எண் போட்டு, பென்சிலோடு படத்தின் அடியில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கதிரை. கதிரை முக்கியம்: நிற்க முடியாதவர்கள்தான் அதிகம் தெரிந்தவர்கள். ஒலிப்பதிவுக் கருவியோ போனோ கையில் வைத்திருங்கள். சம்மதம் கேட்டு, அவர் பெயரையும் திகதியையும் முதலில் சொல்லவைத்துப் பதியுங்கள்.

நாங்கள் வேலை செய்த கண்காட்சியில் ஒரு வகுப்புப் படம் இருந்தது. மூன்று வரிசையாக மாணவிகள், வெள்ளை உடுப்பு, இரட்டைப் பின்னல். இரண்டாம் வரிசையில் ஐந்தாவது பிள்ளையின் முகம் கலங்கியிருந்தது. கமராவின் கண் திறந்திருந்த நேரத்தில் அவள் தலையைத் திருப்பியிருக்கிறாள். குறிப்பில் ‘அடையாளம் தெரியவில்லை’ என்று போட்டிருந்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் எண்பது வயது கடந்த ஒரு அம்மம்மா பேத்தியின் கையைப் பிடித்து வந்தார். கதிரையில் இருந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். மற்ற முகங்களையெல்லாம் தாண்டி விரல் அந்தக் கலங்கிய முகத்தில் போய் நின்றது. ‘‘இவள்தான் மனே. படம் எடுக்கக்குள்ள கிறுகிப் பாத்திட்டாள். மாஸ்ரர் எவ்வளவு பேசினார் அண்டைக்கு. இவள் எப்பவும் அப்படித்தான், ஒரு இடத்துல நிக்க மாட்டாள்.’’ பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், கல்யாணம் முடித்துப் போன இடத்தைச் சொன்னார். மற்ற முப்பது முகங்களில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தவை ஒன்பதுதான். கலங்கியிருந்ததால்தான் இந்த முகத்தை அடையாளம் கண்டார்.

பழைய படங்களைச் ‘சரிசெய்யும்’ செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பற்றி நான் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் அந்தப் பின்னேரம். எங்கள் குழுவில் ஒரு தம்பி அதே படத்தை ஒரு செயலியில் போட்டுப் பார்த்திருந்தார். அந்தப் பிள்ளைக்குத் தெளிவான கண்ணும் மூக்கும் வந்திருந்தன. உலகத்தில் எங்கும் பிறக்காத ஒரு பிள்ளையின் முகம் அது. அந்தப் படத்தை முதலில் காட்டியிருந்தால் அம்மம்மா ‘‘இது ஆரெண்டு தெரியல்லயே’’ என்று எழும்பிப் போயிருப்பார். வீட்டில் மாட்ட யாராவது அப்படிச் செய்து கேட்டால் செய்து கொடுங்கள், அடியில் ‘மாற்றப்பட்டது’ என்று எழுதுங்கள். ஆவணத்துக்குள் அதை விடாதீர்கள்.

விவரப் பட்டியல்

எக்செல் அல்லது லிப்ரே ஒஃபிஸ் அட்டவணை ஒன்று போதும். எண், தலைப்பு, படத்திலிருப்பவர்கள், இடம், காலம், எடுத்தவர் அல்லது ஸ்ரூடியோ, அளவு, வகை, பழுதுகள், தந்த வீடு, சம்மத நிலை, பின்பக்க எழுத்து, கண்காட்சிக் குறிப்பு, சொன்னவர். கடைசி நிரல் கட்டாயம் வேண்டும். ஒரு பெயரை யார் சொன்னது என்று தெரியாவிட்டால் நாளைக்கு இருவர் இரு பெயர் சொல்லும்போது எதை எடுப்பது? இரண்டையும் எழுதி, சொன்னவர்களையும் எழுதுங்கள். பின்பக்க எழுத்தைப் பிழையோடு, உள்ளது உள்ளபடி பெயர்த்தெழுதுங்கள்.

பாமினி எழுத்துருவை இங்கே நிறுத்த வேண்டும். அச்சகத்திலிருந்து வரும் குறிப்புகள் இன்னும் பெரும்பாலும் பாமினியில்தான் வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வாசித்துத் திருத்த வேண்டும். மாற்றும்போது ஊர்ப் பெயர்களும் ஆட்களின் முதலெழுத்துகளும்தான் அதிகம் பிழைக்கும்.

காலத்தை நிச்சயமாகத் தெரியாமல் ஒற்றை ஆண்டாக எழுத வேண்டாம். ‘இதற்குப் பின், இதற்கு முன்’ என்று எழுதுங்கள். கல்லடியில் இரும்புப் பாலம் தெரிந்தால் 1924 க்கு முந்தியதாக இருக்க முடியாது. பக்கத்தில் புதிய பாலமும் நின்றால் அண்மையது. விபுலாநந்த அடிகள் அமர்ந்திருக்கும் குழுப்படம் 1947 யூலைக்கு முந்தியது. தலையில்லாத தென்னைகள் வரிசையாக நின்றால் 1978 சூறாவளியை நினையுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இடத்திலும் ஒரு சிக்கல் வரும். அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. காரைதீவு, கல்முனை, திருக்கோவில் வீட்டுப் படங்களின் பின்னால் ‘மட்டக்களப்பு’ என்று எழுதியிருந்தால் அது பிழையாக இல்லாமல், 1961 க்கு முந்தியது என்பதற்கு ஒரு சாட்சியாக இருக்கலாம். அன்றைய பெயருக்கு ஒரு நிரலும் இன்றைய பெயருக்கு ஒரு நிரலும் போடுங்கள்.

கோப்புகளும் காவலும்

ரோ கோப்பிலிருந்து சுருக்கப்படாத டிஃப் கோப்பு ஒன்று செய்து அதை மூலப் பிரதியாக வையுங்கள். இதை யாரும் திறந்து திருத்தக்கூடாது. பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் அதிலிருந்து சிறிய ஜேபெக். கணக்கைப் பாருங்கள்: 8×10 அங்குலப் படம் அங்குலத்துக்கு 600 புள்ளியில் 4800×6000 பிக்சல், 24 பிட் நிறத்தில் ஏறத்தாழ 86 மெகாபைட். இருநூறு படம், முன்னும் பின்னும் என்றால் 35 கிகாபைட்டுக்குள் அடங்கும். 48 பிட் என்றால் அதன் இரண்டு மடங்கு. இன்றைய சிறிய ஹார்ட் டிஸ்க்கிலும் இடம் மிஞ்சும். ஆகவே இடம் போதாது என்று தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று ஊருக்கு வெளியே. ‘வெளியே’ என்றால் அடுத்த தெரு இல்லை. ஒரே வெள்ளம் இரண்டு வீட்டையும் மூடும். கண்டியிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று, கையில் ஒன்று. உப்புக்காற்றில் செருகிகள் துருப்பிடிக்கும். டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மின்வெட்டின்போது பிரதி எடுத்துக்கொண்டிருந்தால் கோப்பு உடையும், யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் எடுத்துப் பட்டியலாக வையுங்கள். கோப்பின் கைரேகை போன்றது அது. ஒரு பிட் மாறினாலும் ரேகை மாறும். வருடம் ஒருமுறை, தைப்பொங்கல் கழித்து ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, மூன்று பிரதிகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று கெட்டிருந்தால் மற்றதிலிருந்து மாற்றுங்கள். சம்மதம் கிடைத்தவற்றை, 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் ‘நூலகம்’ என்ற அமைப்போடு பேசி அங்கும் சேர்க்கலாம். மூலப் படங்கள் மட்டும் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

திருப்பிக் கொடுத்தல்

படத்தை வந்த நிலையிலேயே பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தால் பாதி வேலை வீண். அமிலமற்ற தாள் உறை கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் பொலிப்புரொப்பிலீன் உறை. பீவீசி மணக்கும் பிளாஸ்ரிக் உறையும் ஒட்டும் தாள் அல்பமும் வேண்டாம். இரண்டும் இல்லாத வீட்டில், துவைத்துக் காய்ந்த, கஞ்சி போடாத பருத்தித் துணி போதும். அலுமாரியில் நடுத்தட்டுக்கு மேலே, வெளிச்சுவரைத் தொடாமல், அடுப்படிக்கும் குளியலறைக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கறையானும் இராமபாணப் பூச்சியும் வராமல் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சாமியறையில் மாட்டியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல அச்சுப் பிரதியைப் பிறேம் போட்டுக் கொடுத்து, மூலத்தை இருட்டில் வைக்கக் கேளுங்கள். எண்ணெய் விளக்கின் புகையும் யன்னல் வெயிலும் அச்சுப் பிரதிக்கு விழுந்தால் மறுபடி அச்சடிக்கலாம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று பொருள் போக வேண்டும்: உறையிட்ட மூலப்படம், அச்சுப் பிரதி, படத்திலிருப்பவர்களின் பெயர் எழுதிய தாள். பெயர்த் தாளை வாசலில் நின்று நீட்டிவிட்டு வராமல், உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். யாராவது ஒரு பெயரைத் திருத்துவார்கள், அதையும் பட்டியலில் ஏற்றுங்கள். பதிவேட்டில் அந்த வீட்டு எண்ணுக்கு எதிரே கையொப்பமும் திகதியும் வாங்கிய பிறகு அடுத்த வீட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்.